சாரல் காலத்தில் பள்ளி ஆய்வகம்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

செங்கோட்டையில் ஜூன் மாதம் என்றால் எல்லோருக்கும் குற்றாலம், எனக்குப் பூஞ்சை. மலைக்கு அந்தப் பக்கம் தென்மலையிலும் புனலூரிலும் கொட்டுகிற மழையின் மிச்சம், ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றோடு வந்து இங்கே சாரலாக விழும். துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், உப்பு டப்பாவில் தண்ணீர் கசியும். அதே காற்றுதான் மே மாதம் முழுக்கப் பூட்டிக்கிடந்த ஆய்வகத்துக்குள்ளும் போகிறது. நான் இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். ஆரம்பத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஈரம்தான் காரணம், மீதியில் பெரும்பங்கு என் சோம்பல் என்று புரிய நாலைந்து சாரல் ஆயிற்று.

பள்ளி திறக்கும் முன் ஆய்வகத்தைப் பார்க்கும்போது நான் வைத்துக்கொள்கிற வரிசை: முதலில் மூக்கு, அப்புறம் கண், கடைசியில்தான் கை. கதவைத் திறந்ததும் வாசலிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள், லைட் சுவிட்சைப் போடாமல். கீழே எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதே வரிசைதான்.

சாக்கடை நாற்றம் அடிக்கிறது

எலி செத்துவிட்டது என்று பீரோவை எல்லாம் நகர்த்த வேண்டாம். சிங்க்குக்குக் கீழே குழாய் வளைந்து போகிறதே, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் தடுக்கிறது. கோடை விடுமுறையில் அது வற்றிப்போகும். ஒவ்வொரு சிங்க்கிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் அரை மணியில் நாற்றம் அடங்கிவிடும். ஏப்ரல் கடைசியில் பூட்டும்போது அந்தத் தண்ணீரின் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் அவ்வளவு சீக்கிரம் வற்றாது.

தண்ணீர் ஊற்றியும் போகவில்லை, சிங்க்கும் மெதுவாகத்தான் வடிகிறது என்றால் அடைப்பு. வடிதாள், தீக்குச்சி, தாவரவியல் வகுப்பில் சீவிய தண்டுத் துண்டு, இவை மூன்றும்தான் எப்போதும் சிக்கும். கீழே வாளி வைத்து, கையுறை போட்டுக்கொண்டு வளைவைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்கள். கடையில் விற்கிற அடைப்பு நீக்கும் பொடியை வீட்டில் போடுவதுபோல இங்கே போடாதீர்கள். உள்ளே யார் எந்த அமிலத்தைக் கொட்டி வைத்திருக்கிறார்களோ, அது இந்தக் காரப் பொடியோடு சேர்ந்து சூடாகி முகத்தில் தெறிக்கும்.

அழுகிய முட்டை மாதிரி, இல்லாவிட்டால் கேஸ் மாதிரி வாடை

இங்கேதான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். சமையல் எரிவாயுவுக்குத் தன்னளவில் மணம் கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்று கந்தகம் கலந்த மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். எரிவாயு காற்றைவிடக் கனம், அதனால் மேசைக்கு அடியிலும் தரை ஓரத்திலும் தேங்கும். வாடை அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். உங்கள் ஆய்வகத்துக்கு மின்சாரத்தை நிறுத்தும் மெயின் வெளியே இருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். கதவு ஜன்னலைத் திறங்கள், சிலிண்டர் வால்வை மூடுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். வாடை குறையவில்லை என்றால் எரிவாயு அவசர எண் 1906.

வாடை முழுக்கப் போன பிறகுதான் ஓட்டை தேடுவது. சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுகத் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்களை நானே பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகாதீர்கள். ரப்பர் குழாயில் விரிசல், எலிக்கடி இருந்தால் டேப் சுற்றுவது கூடாது, புதுக் குழாய்தான்.

சிலிண்டர் மூடியிருக்கிறது, ஆனாலும் முட்டை நாற்றம் என்றால், அமிலம் ஊற்றி வாயு தயாரிக்கிற கிப் கருவியைப் பாருங்கள். ஃபெரஸ் சல்ஃபைடும் அமிலமும் ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஊறிக்கொண்டுதான் இருக்கும். இந்த வாயுவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்யும். "இப்ப வாடை போயிட்டு அண்ணாச்சி" என்று ஒரு பையன் சொன்னால் அதை நம்பி உள்ளே போகக் கூடாது. கால் மணியாவது வெளிக்காற்றில் நின்றுவிட்டுப் போய்ப் பாருங்கள். அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் அமிலத்தை வடித்துக் கழுவி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பாட்டில், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றிலும் வெள்ளைப் படலம்

ஒரு வருடம் முழுக்க இதைச் சுண்ணாம்புத் தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு நாளில் மறுபடி வந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலும் அமோனியா பாட்டிலும் ஒரே தட்டில் தோளோடு தோள் நின்றதுதான் விஷயம். இரண்டின் ஆவியும் காற்றில் சந்தித்தால் அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் பயன்படுத்துகிற அதே நவச்சாரம், பொடியாகப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து போய்விடும். பிறகு இரண்டையும் எதிரெதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். கீழ்த்தட்டு நல்லது, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தால் இன்னும் நல்லது.

ஈரத்துணிக்குக் கரையாமல், சாம்பலோ பச்சையோ கலந்த நிறத்தில், மரத்திலும் தோல் பெட்டியிலும் சேர்ந்து வந்திருந்தால் அது பூஞ்சை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பீரோப் பூட்டு, ஸ்டாண்டு, முக்காலி எல்லாம் ஒரே பருவத்தில் துருப்பிடித்தாலும் சாரலை மட்டும் குறை சொல்லாமல் அமில மூடிகளைப் பாருங்கள். இரும்புச் சாமானும் அமிலமும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது.

எந்த சால்ட்டைக் கொடுத்தாலும் பிள்ளைகள் குளோரைடு என்கிறார்கள்

எனக்குப் பிடித்த கோளாறு இது. ஒரு வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பேட்ச் முழுக்கக் குளோரைடு என்று எழுதினார்கள், கொடுத்ததோ சல்ஃபேட்டும் நைட்ரேட்டும். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதிவிட்டான் என்று சார் காய்ச்சி எடுத்தார். பாவம், பிள்ளைகள் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார்கள். குளோரைடு இருந்தால் சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையாகக் கலங்கும், அந்த வெள்ளை வந்தது உண்மை. அந்த வெள்ளை சால்ட்டிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்து வந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் தீர்ந்துபோனதும் யாரோ குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பியிருக்கிறார்கள். (யாரோ என்றா சொன்னேன்? நான்தான்.)

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சால்ட் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரை டெஸ்ட் டியூபில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி, சில்வர் நைட்ரேட் சில துளி. கலங்கினால் குற்றவாளி தண்ணீர். தெளிவாக இருந்தால் அடுத்த சந்தேகம் டெஸ்ட் டியூப்: குழாய்த் தண்ணீரில் கழுவி அப்படியே கவிழ்த்து வைத்தால் சுவரில் ஒட்டிய ஈரமே போதும். கடைசிக் கழுவல் வடித்த தண்ணீரில் இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கேன், கேனில் பெரிய எழுத்து.

சால்ட்டைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டி நிறம் பார்க்கிற சுடர் சோதனையில் எல்லாமே மஞ்சளாக எரிகிறதா? அதுவும் இதே குடும்பம்தான். கம்பியைக் கையால் தொட்டால் வியர்வையில் இருக்கிற சோடியம் போதும், மற்ற நிறத்தை எல்லாம் மூடிவிடும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிச் சுடரில் காட்டி, நிறம் வராமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்தால் சுத்தமாகும்.

நைட்ரேட்டுக்கு அடையாளமான பழுப்பு வளையம் வர மறுத்தால் ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பச்சையாக இருக்க வேண்டியது மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் காற்றுப் பட்டு ஃபெரிக் ஆகிவிட்டது, இனி உதவாது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கரையுங்கள், நீர்த்த கந்தக அமிலம் சில துளி விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

காஸ்டிக் சோடா பாட்டில் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே கூழ்

கண்ணாடி மூடி போட்டு வைத்தால் இறுகத்தான் செய்யும். காரம் கண்ணாடியையே கொஞ்சம் கரைக்கும், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உப்பாகவும் மாறும், இரண்டும் சேர்ந்து மூடியைப் பசைபோட்டு ஒட்டிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் மட்டும் சுற்றி வையுங்கள். கழுத்து கொஞ்சம் விரிந்ததும் மரக்கட்டையால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டித் திருகிப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பலம் காட்டினால் கழுத்து உடைந்து காரம் கையில். இதற்கு ரப்பர் கார்க் அல்லது பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி.

கூழாகிப் போன காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுத்துக் கரைசல் போட்டால், நிறுத்ததில் ஒரு பங்கு தண்ணீர்தான். டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் திறனை அளக்கிற சோதனையில், எல்லோருக்கும் ஒரே மாதிரி தப்பு வந்தால் பிள்ளைகளின் கண்ணைச் சந்தேகப்படாமல் இதைச் சந்தேகப்படுங்கள். புதிதாகத் தயாரித்த ஆக்சாலிக் அமிலக் கரைசலோடு ஒரு தடவை டைட்ரேட் பண்ணி உண்மையான திறனைக் கண்டுபிடித்துக்கொண்டால் அந்தக் கரைசலையே பயன்படுத்தலாம்.

அடர் கந்தக அமிலமும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடி சரியாக உட்காராத பாட்டிலில் யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறும், அதனால் கழுத்துவரை நிரப்பி வைக்காதீர்கள். கை தவறிக் கொட்டினால் மணலைப் போட்டுப் பரவாமல் தடுத்து, சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், நுரை நிற்கும்வரை. இதெல்லாம் தரைக்கு. உடம்பில் பட்டால் சோடா உப்பு, காரம் எதுவும் தேடாமல் ஓடுகிற குழாய்த் தண்ணீர் மட்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரி. பதினைந்து நிமிடம் என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும், பிள்ளை அழுது கையை உதறும், விடாதீர்கள்.

கறைகள்

பியூரெட்டில், பீங்கான் தட்டில், சிங்க்கில் பழுப்புக் கறை என்றால் பெர்மாங்கனேட்டின் மிச்சம், மாங்கனீஸ் டை ஆக்சைடு. தேய்க்க வேண்டியதில்லை. ஆக்சாலிக் அமிலக் கரைசலில் துளி நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து வெதுவெதுப்பாக ஊற்றினால் கண்முன்னே நிறம் போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துவிடாதீர்கள், பெர்மாங்கனேட்டோடு சேர்ந்தால் குளோரின் வரும். கையில் பட்ட கறைக்கு ஆக்சாலிக் அமிலம் வேண்டாம், அது விஷம். வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் போதும்.

விரலில் கருப்பாக வந்திருந்தால் சில்வர் நைட்ரேட். தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை அது இருக்கும், எதைத் தேய்த்தும் பயனில்லை. அடுத்த தடவை கையுறை.

மைக்ராஸ்கோப்பில் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது

வலைதான், பூஞ்சையின் வலை. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நூல்நூலாகத் தெரியும். முதலில் ரப்பர் பல்பால் ஊதித் தூசியைப் போக்குங்கள், தூசியோடு துடைத்தால் கீறல் விழும். பிறகு லென்ஸ் தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடையுங்கள். சட்டை நுனி, கரும்பலகைத் துணி, வாயால் ஊதுவது எதுவும் கூடாது. மேல்பூச்சையே பூஞ்சை அரித்திருந்தால் தடம் போகாது. உள் லென்ஸில் என்றால் நாமே திருகுகளைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழிப்பதைவிடப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது மலிவு.

வராமல் தடுக்கச் சிலிக்கா ஜெல். நீலமாக இருந்தால் வேலை செய்கிறது, ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்திருப்பது சாமி படத்துக்குக் காய்ந்த மாலை போட்ட மாதிரி. வேதியியல் ஆய்வகத்து ஓவனில் 120 டிகிரி வாக்கில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். அந்த நிறம் கோபால்ட் உப்பு, அதனால் சமையல் பாத்திரம் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒரு தடவை நிறம் பார்க்கிறேன். வெயிலில் காயவைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். எந்த வெயிலில் என்று திருப்பிக் கேட்டேன்.

பர்னர் சரியாக எரியவில்லை

மஞ்சளாகப் புகைந்து பீக்கரில் கரி பிடித்தால் காற்றுத் துளை மூடியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது, கழற்றி ஊதுங்கள். குப்பென்று சத்தத்தோடு சுடர் உள்ளே போய் அடியில் எரிந்தால் வாயு குறைவு, காற்று அதிகம். உடனே வாயுவை நிறுத்துங்கள், குழாயைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஆறியபின் காற்றுத் துளையை மூடிவிட்டுப் பற்றவைத்து, பிறகு மெல்லத் திறங்கள். ஸ்பிரிட் விளக்கில் விதி ஒன்றுதான்: எரியும்போது ஊற்றாதே, ஒரு விளக்கைச் சாய்த்து இன்னொன்றைக் கொளுத்தாதே.

தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் உருள்கிறது

எங்கள் காலத்தில் உள்ளங்கையில் உருட்டி விளையாடினோம், வகுப்பில் யாரும் தடுக்கவும் இல்லை. அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், பாதரசம் பட்டால் தங்கம் வெளுக்கும். துடைப்பம் எடுத்தால் ஒரு குண்டு நூறு குண்டாகும். இரண்டு அட்டைத் துண்டுகளால் உருட்டிச் சேர்த்து, சொட்டுக் குழாயால் உறிஞ்சி, தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி, லேபிள் ஒட்டித் தனியாக வையுங்கள். பொடிக் குண்டுகளை ஒட்டும் டேப்பால் எடுக்கலாம், தரை வெடிப்பில் கந்தகப் பொடி தூவுங்கள். சிங்க்கிலோ குப்பையிலோ போடக் கூடாது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018இல் ஏற்றாயிற்று, பள்ளிக்கூடத்துக்குச் சிவப்பு ஆல்கஹால் தெர்மாமீட்டரே தாராளம்.

லேபிள் இல்லாத பாட்டில்

ஈரத்தில் பசை விட்டிருக்கும், இல்லாவிட்டால் வெள்ளிப்பூச்சி தின்றிருக்கும். மோந்து பார்த்து, நிறம் பார்த்து ஊகித்துப் பேர் எழுதாதீர்கள், அந்த ஊகத்தை நம்பி நாளை ஒரு பிள்ளை ஊற்றும். தனி அலமாரியில் "தெரியாதது" என்று எழுதிப் பூட்டி வைத்து, வேதியியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். எங்கள் பெரிய பீரோ 1956க்கு முந்தியது, அதாவது செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலத்தது. அதன் அடித்தட்டைக் காலி பண்ணும்போது எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: பிக்ரிக் அமிலம். பழைய பாட்டில், உள்ளே மஞ்சள் படிகம், மூடி ஓரத்திலும் படிந்து காய்ந்திருந்தால் திறக்கவும் வேண்டாம், அசைக்கவும் வேண்டாம். காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும். அறையைப் பூட்டித் தலைமையாசிரியரிடம் சொல்லி, தீயணைப்பு நிலையத்தைக் கேளுங்கள். புது லேபிளைப் பேனாவால் எழுதினால் ஊறும்; பென்சிலால் எழுதி மேலே அகலமான ஒட்டும் டேப்.

மணல் வாளியில் மணல் ஈரம்

இதை யாரும் கோளாறு என்றே நினைப்பதில்லை. வராந்தாவில் தொங்குகிற வாளியில் சாரல் அடித்து மணல் கட்டியாகியிருக்கும். பீரோவில் மண்ணெண்ணெய்க்குள் சோடியம் இருக்கிற ஆய்வகத்தில் அது ஆபத்து. சோடியம் பற்றினால் தண்ணீரும் கூடாது, கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் கூடாது, காய்ந்த மணல்தான் வேண்டும். ஈர மணலைப் போட்டால் அந்த ஈரமே ஹைட்ரஜனைக் கிளப்பித் தீயைப் பெருக்கும். வாளியை உள்ளே எடுங்கள், மணலை இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்து நிரப்பி மூடி போடுங்கள். சோடியம் பாட்டிலில் மண்ணெண்ணெய் மட்டமும் அப்போதே பாருங்கள், உலோகம் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும்.

எங்கள் வாளிக்குப் பழைய பெயிண்ட் டப்பாவின் மூடி அளவாகப் பொருந்தியது. அதைப் போட்ட பிறகு பள்ளிக்கூடத்துப் பூனைக்குத்தான் கொஞ்சம் வருத்தம், வேறு இடம் பார்த்துக்கொண்டது.